சூடு கண்ட பிளாஸ்டிக்

கார் கதவில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்ற வேண்டுமென்றால் பலரும் முதலில் தேடுவது ஸ்க்ரூ டிரைவரைத்தான். 'டப்' என்று ஒரு சத்தம். பட்டை இரண்டு துண்டு, கதவில் பெயின்ட்டும் போச்சு!

இத்தனைக்கும் அந்தப் பட்டையைப் பெரும்பாலும் பிடித்திருப்பது இரண்டு பக்கமும் ஒட்டும் நுரை டேப்தான். சூடு பட்டால் அதன் பசை இளகிவிடும். (கிளிப்போ திருகோ வைத்து மாட்டியிருந்தால் கதையே வேறு. அதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.)

சூட்டிலும் ஒரு கணக்கு உண்டு. கார்களில் அதிகம் புழங்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே தளர ஆரம்பிக்கும். ஹீட் கன் காற்றோ 500 டிகிரியைக்கூடத் தொடும். ஒரே இடத்தில் காட்டினால் பட்டை பொரித்த அப்பளம்தான்! தலைமுடி உலர்த்தும் டிரையரே போதும். நாலு விரல் தள்ளிப் பிடித்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டால் கை தாங்காத சூடு வந்ததும், ஓரத்தை மெல்லத் தூக்கி, பின்னால் தூண்டில் நரம்பை விட்டு ரம்பம் போல இழுத்தால் டேப் அறுந்துகொண்டே வரும். வரவில்லையா? பலத்தைக் கூட்டாமல் மறுபடி சூடு காட்ட வேண்டும். கழற்றிய பட்டையைச் சமமான இடத்தில் ஆறவிட வேண்டும். சூட்டோடு வளைந்தால் வளைந்ததுதான். கதவில் தங்கிய பசையைக் கட்டைவிரலால் உருட்டியே எடுத்துவிடலாம்.

ஒரு பட்டைக்கா இத்தனை பாடு என்று தோன்றலாம். மாருதி 800, அம்பாசடர் இரண்டுமே 2014-இல் தயாரிப்பு நின்று போனவை. கணக்குப் பதிவியலில் வருஷா வருஷம் தேய்மானம் கழித்தால், அந்தக் காரின் பட்டைக்கு மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். அதே பட்டையைத் தேடி சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்குகிறவரிடம் கேட்டால்தான் அசல் விலை தெரியும். உடைத்தது கடைப் பையன் என்றால் அவன் கூலியில் கை வைக்கும் முதலாளிகளும் உண்டு. "சீக்கிரம் கழட்டுடா" என்று அவசரப்படுத்தியவரும் பெரும்பாலும் அதே முதலாளிதான். அந்த அவசரத்தில் மிச்சமாவது பத்து நிமிஷம். பையனுக்குப் போவது அரை நாள் கூலி!