ஆமத்தூரில் அஞ்சு சென்ட்!

'ஆபீஸ் போறேன்' என்று சென்னையில் ஒருத்தர் சொன்னால் நமக்கு டிபன் பாக்ஸ், லேட் பர்மிஷன், மேனேஜரின் மூஞ்சி எல்லாம் ஞாபகத்துக்கு வரும். விருதுநகர், சிவகாசி பக்கம் அதே வார்த்தைக்கு அர்த்தமே வேறு. இங்கே ஆபீஸ் என்றால் தொழிற்சாலை! தீப்பெட்டியாபீஸ், வெடியாபீஸ். "எம் மருமக ஆபீசுக்குப் போயிருக்கா" என்று ஒரு பெரியவர் சொன்னால், அந்தப் பெண் ஃபைல் புரட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருப்பாள்.

இந்த இரண்டு ஜாதி ஆபீஸ்காரர்களுக்கும் பொதுவான ஆசை ஒன்று உண்டு. 'சொந்தமா ஒரு அஞ்சு சென்ட்!'

அந்த அஞ்சு சென்ட்டைத் தேடித்தான் ஆமத்தூர் பயணம். விருதுநகரில் எண்ணெய் புரோட்டாவை ஒரு பிடி பிடித்துவிட்டு சிவகாசி பஸ்ஸில் ஏறினால், ஜீரணமாவதற்குள் ஆமத்தூர் வந்துவிடும். இரண்டு பக்கமும் கரிசல் காடு. நடுநடுவே சீமைக் கருவேலம். அதற்கும் நடுவே நான்கு மூலைக்கும் கல் நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, வரிசையாக மனைகள். 'சிவகாசிக்கு மிக அருகில், விருதுநகருக்கு வெகு அருகில்' என்று போர்டு. இரண்டும் பொய்யில்லை. நடுவில் இருக்கிற ஊர் இரண்டுக்கும் அருகில்தானே இருக்கும்!

பி.காம். படித்த பாவத்துக்கு ஒரு பெயர் ஞாபகம் வருகிறது. டேவிட் ரிக்கார்டோ. 1817-ல் அவர் போட்ட புத்தகத்தில், நல்ல மண்ணுக்கும் மட்டமான மண்ணுக்கும் விளைச்சலில் உள்ள வித்தியாசம்தான் நிலத்துக்கு வாடகையாகிறது என்று விளக்கினார். பாவம், மனுஷர் ஆமத்தூர் பக்கம் வந்ததில்லை. இங்கே கணக்கு தலைகீழ். மழை குறைவு, வானம் பார்த்த பூமி. விவசாயம் கைவிட்டதால்தான் வேறு தொழில் தேடினார்கள். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அதன் பின்னால் பட்டாசு வந்தது, அச்சுத் தொழில் வந்தது. ஈரமில்லாத காற்றும் வெயிலும் மருந்து காய்வதற்கு வசதி. விளையாத நிலம்தான் வெடியாபீசுக்கு விளைச்சல் நிலம்!

டீக்கடையில் ஒரு புரோக்கர் சிக்கினார். (உண்மையில் அவரிடம் நான் சிக்கினேன்.)

"ஸார், கண்ண மூடிட்டு வாங்குங்க. மெடிக்கல் காலேஜ் வந்தாச்சு. இன்ஜினியரிங் காலேஜ் பக்கத்துல. ஜவுளிப் பூங்கா வரப்போகுது. நாலு வருஷத்துல டபுள்!"

அவர் சொன்னதில் எதுவும் கற்பனை இல்லை. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மத்திய அரசு 2023-ல் அறிவித்த 7 பெரிய ஜவுளிப் பூங்காக்களில் ஒன்று இந்த மாவட்டத்துக்குத்தான். இடம், சாத்தூர் பக்கம் இ.குமாரலிங்கபுரம், பரப்பு 1,052 ஏக்கர். ஆனால் அது நாற்கரச் சாலைப் பக்கம். ஆமத்தூரோ சிவகாசி ரோட்டில். புரோக்கர் அகராதியில் 'பக்கம்' என்ற சொல்லுக்கு எல்லை கிடையாது.

இதில் ஒரு உண்மையும் இருக்கிறது. மண் விலை என்பது மண்ணுக்கான விலையே இல்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள், இனி என்ன வரும் என்பதற்கான விலை. ரோடு வந்தால் ஏறும், சுடுகாடு இருந்தால் இறங்கும். குடிதண்ணீர்க் குழாய் வந்தால் ஏறும், போர் போட்டு உப்புத் தண்ணீர் வந்தால் இறங்கும். "தம்பி எந்தத் தெரு, யாரு வீட்டுப் புள்ள?" என்ற கேள்விக்குக் கிடைக்கிற பதிலில்கூட ஏறும், இறங்கும். ஒரே கரிசல், ஒரே வெயில். ஆனாலும் இந்தத் தெருவை ஒட்டிய மனைக்கு ஒரு விலை, அந்தத் தெருவை ஒட்டிய மனைக்கு வேறு விலை. இதை எந்தப் பத்திரத்திலும் எழுதுவதில்லை. எல்லாப் பேரத்திலும் பேசாமல் பேசிக்கொள்கிறார்கள்.

இங்கே இன்னொரு விசேஷம். டெல்லியில் தும்மினால் சிவகாசி வட்டாரத்துக்குச் சளி பிடிக்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழி விட்டது. அடுத்த மாதமே ஆபீஸ்களை மூடிவிட்டார்கள்; மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கையில் காசு ஓடாதபோது சென்ட் கணக்கு யார் பேசுவார்கள்? பிறகு 2025 தீபாவளிக்கு டெல்லியில் சில நாட்களுக்குப் பசுமைப் பட்டாசு வெடிக்க அதே நீதிமன்றம் அனுமதித்தது. இங்கே முகங்கள் மலர்ந்தன. ஆயிரம் மைலுக்கு அப்பால் வருகிற தீர்ப்பு, ஆமத்தூர் கரிசலுக்கும் விலை சொல்கிறது.

டீக்கடை பெஞ்சில் இதையெல்லாம் கேட்டபடி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வேட்டி, துண்டு, கையில் பாதி டீ. புரோக்கர் போன் பேச நகர்ந்ததும் மெதுவாக ஆரம்பித்தார்.

"தம்பி, எனக்கு ஒண்ணரை ஏக்கர் கெடக்கு. வெடியாபீஸ் வேலிய ஒட்டி."

"விக்கப் போறீங்களா ஐயா?"

"ரெண்டு பேரு கேக்காக. பிளாட் போடுறவன் சென்ட் கணக்குல கேக்கான். ஆபீஸ் மொதலாளி ஏக்கர் கணக்குல கேக்காரு. சென்ட் கணக்குல குடுத்தா காசு சாஸ்தி."

"அப்புறம் என்ன யோசனை?"

பெரியவர் டீயை வைத்துவிட்டுச் சொன்னார்: "எம் மருமக அந்த ஆபீஸ்லதான் வேலை பாக்கா. பேத்தி காலேஜ் ஃபீசு அவ சம்பளத்துல ஓடுது. வேலிக்கிட்ட வீடு வந்துட்டா லைசென்சுக்கு வில்லங்கம்னு சொல்லுதாக. ஆபீஸ் போச்சுன்னா சம்பளம் போச்சு. சரி, வீடும் வந்து ஆபீசும் இருந்துச்சுன்னா... அத நெனச்சாத்தான் தம்பி தூக்கம் வரமாட்டேங்கு."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பட்டாசு ஆலை என்றால் ஒரே பெரிய கட்டடம் இல்லை. சின்னச் சின்ன அறைகள், அறைக்கு அறை இடைவெளி, ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று கணக்கு. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்பதற்காக. அதே மாதிரி ஆலைக்கும் வெளியே உள்ள வீடு, ரோடு, ரயில் பாதைக்கும் நடுவே பாதுகாப்பு தூரம் விட வேண்டும் என்கிறது 2008-ம் வருஷத்து வெடிபொருள் விதி. மருந்தின் அளவு கூடக் கூட தூரமும் கூடும். 'நாக்பூர் லைசென்ஸ்', 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்' என்று இங்கே டீக்கடையில்கூடப் பேசிக்கொள்வார்கள். யார் கொடுத்த லைசென்ஸ் என்பதை வைத்து ஆலையின் சைஸைச் சொல்லிவிடலாம்.

ஆக, நம் கண்ணுக்கு 'சும்மா கிடக்கிற' அந்தக் கரிசல் காடு சும்மா கிடக்கவில்லை. அது வேலை பார்க்கிறது! எதுவும் இல்லாமல் இருப்பதுதான் அதன் வேலை. அங்கே ஒரு வீடு முளைத்தால் ஆலைக்காரருக்கு லைசென்ஸ் சிக்கல். வீட்டுக்காரருக்கோ உயிர்ச் சிக்கல். 2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். அதில் பல பேர் ஆலைத் தொழிலாளிகளே இல்லை. புகையைப் பார்த்து, உதவி செய்ய ஓடி வந்த அக்கம்பக்கத்து ஜனங்கள். தூரம் என்பது வரைபடத்தில் போடுகிற கோடு மட்டுமில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

அந்தத் தூரத்துக்குள் வருகிற மனை சீப்பாகத்தான் கிடைக்கும். சீப்பு என்றால் விலை குறைவு என்று மட்டும் அர்த்தமில்லை. மிச்ச விலையை வேறு யாரோ, வேறு ஏதோ ஒரு நாளில் கொடுக்கப் போகிறார்கள் என்றும் அர்த்தம்.

சரி, எல்லாம் தாண்டி வாங்குவது என்றே முடிவா? கொஞ்சம் கணக்குப் போடுவோம். உதாரணத்துக்கு மனை 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2017-ல் 4 சதவீதமாக்கப்பட்டு, 2023-ல் 2 சதவீதமாகக் குறைந்தது. ஆக மொத்தம் 9 சதவீதம், 45 ஆயிரம். புரோக்கருக்கு 2 சதவீதம் என்றால் இன்னொரு 10 ஆயிரம். வாங்கிய மறுநாளே 55 ஆயிரம் ஏறினால்தான் உங்களுக்குப் போட்ட பணமே வரும். வீடு கட்டப் போனால் கரிசல் தன் குணத்தைக் காட்டும். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி விரல் நுழைகிற அளவு வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவரில் விரிசல் விடும். ஆழமாகத் தோண்டி கிராவல் கொட்டணும், இல்லாவிட்டால் பைல் போடணும். அந்தச் செலவை எந்த நோட்டீஸிலும் போடுவதில்லை.

பேப்பர் விஷயம்? 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. 2017-ல் பழைய மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதி கொண்டுவந்தது. அதனால் டி.டி.சி.பி. அங்கீகாரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பாருங்கள். பெரிய லே-அவுட் என்றால் ரெரா பதிவு எண் கேளுங்கள். அங்கீகாரமில்லாத மனைக்கு பேங்க் மேனேஜர் காபி கொடுப்பார், கடன் கொடுக்க மாட்டார்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு வேலை பாக்கி. மனையில் நின்று, நாலு திசையிலும் நடந்து பாருங்கள். தூரத்தில் இடிதாங்கியோடு சின்னச் சின்ன அறைகள் தெரிகிறதா? டீக்கடையில் விசாரியுங்கள், "எந்த ஆபீஸ் அண்ணாச்சி அது?" என்று. வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம் அங்கேதான் தெரியும்.

போன் பேசி முடித்துப் புரோக்கர் திரும்பி வந்தார். "என்ன ஸார், டோக்கன் போட்ருவோமா?" என்றார் உற்சாகமாக. நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் விடுகிற நேரம். ஆபீஸ் பஸ் வந்து நின்றது. கையெல்லாம் சாம்பல் நிற மருந்துப் பொடியோடு பெண்கள் இறங்கினார்கள். அதில் ஒரு பெண், "மாமா, டீ குடிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்குச் சொல்லுதேன்" என்றார் புரோக்கரிடம்.

"இதத்தானண்ணாச்சி ஆறு மாசமாச் சொல்லுதீக!" என்றார் புரோக்கர்.