எங்க ஊர்ல ஆறு கடல்ல சேராது, சார்



இங்கிலாந்தில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி போன மாதம் வாட்ஸப்பில் சில படங்கள் அனுப்பியிருந்தாள். அங்கே தென்கரையில் ‘ஜுராசிக் கோஸ்ட்’ என்று சுமார் 150 கிலோமீட்டர் நீளக் கடற்கரை. 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. "ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாதுன்னு இங்க ஒரு இடம் இருக்கு சார். நம்ம ஊர்ல இப்படிக் காப்பாத்துற கடற்கரை உண்டா?" என்று கேட்டிருந்தாள்.

நம் பத்மநாபபுரத்தில் அரண்மனைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கால் வைக்க முடியும். மரத்தையும் தரையையும் அப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள். கடற்கரைக்கு? யோசித்ததும் மணக்குடி நினைவுக்கு வந்தது. கூடவே நாற்பது வருடமாக மனசில் கிடக்கும் ஒரு சங்கடமும் வந்தது.

1980-களில் கடலோரப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தேன். ஒரு நாள் புவியியல் பாடம். "ஆறு மலையில் பிறந்து கடலில் கலக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சில் இருந்து மணக்குடிப் பையன் ஒருவன் எழுந்து, "எங்க ஊர்ல ஆறு கடல்ல சேராது, சார். மணல் வந்து மறிச்சிரும்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "புஸ்தகத்துல உள்ளதச் சொல்லு. இல்லேன்னா வலை இழுக்கப் போ. உட்காரு லே" என்றேன். அடுத்த வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு நான்தான் காரணமா என்று தெரியாது. ஆனால் அந்த வார்த்தை என்னுடையதுதான்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் நம்பர் வாங்கிப் பேசினேன். "வாங்க சார், வள்ளத்துல கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஆமாம், இப்போது ‘அவர்’தான். பேரப்பிள்ளைகள் எடுத்தாச்சு. தக்கலையில் பஸ் ஏறி, நாகர்கோவிலில் இறங்கி, மணக்குடிக்கு இன்னொரு பஸ் பிடித்தேன்.

சுருளகோடு பக்கம் புறப்படும் பழையாறு நாஞ்சில் நாட்டு வயல்களைக் கடந்து, சுசீந்திரத்தைத் தொட்டு, மணக்குடியில் காயலாக விரிகிறது. சுசீந்திரம், தேரூர் குளங்களோடு இந்தக் காயலும் பாதுகாக்கப்பட்ட பகுதி. 2022-ல் சுசீந்திரம் – தேரூர் ஈரநிலம் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. வள்ளம் மெல்லப் போனது. கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. கரையோரம் அலையாத்திச் செடிகள். சுரபுன்னையின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு முருங்கைக்காய் போலத் தொங்குகிறது. அப்படியே விழுந்து சேற்றில் குத்தி நின்றால் புதுச்செடி. எத்தனையோ முறை போர்டில் படம் போட்டிருக்கிறேன். கையில் தொட்டது அன்றுதான்.

பாலத்தருகே அவர் துடுப்பை நிறுத்தினார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பழைய பாலத்தின் கான்கிரீட் பாளங்களையே சுனாமி தூக்கி எறிந்தது. "அம்ம அன்னைக்குப் போனவ, சார்" என்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "இந்தச் செடி நிக்குற இடத்துல மண்ணு அரிக்காது, மீனும் குஞ்சு பொரிக்கும். அதனால நாங்க யாரும் வெட்ட விடமாட்டோம்" என்றார்.

வள்ளத்தைக் கட்டிவிட்டு முகத்துவாரத்துக்கு நடந்தோம். அங்கே மணல் மேடு குறுக்கே கிடந்தது. இந்தப் பக்கம் காயல், அந்தப் பக்கம் கடல், நடுவே பத்திருபது அடி மணல். பொழி மூடியிருந்தது. மழைவெள்ளம் வந்து உடைக்கும்வரை, அல்லது ஆட்கள் வெட்டிவிடும்வரை, ஆறு கடலில் சேராது.

"நீ அன்னைக்குச் சொன்னது சரிதான் மக்கா. தப்பு என்மேலதான்" என்றேன். குரல் கொஞ்சம் பிசகியது. அவர் சிரித்தார். "அப்ப அந்தக் கேள்விக்கு மார்க் போட்டிருவியளா, சார்?" முழு மார்க் என்றேன். அதன்பிறகு அவர் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது: "பொழி மூடுனா ஆத்து வழியா வாற சாக்கட, பிளாஸ்டிக் எல்லாம் எங்க காயல்லதான் கெடக்கும். வலையில மீனுக்கு முன்னால கவர்தான் ஏறுது. கரைய நாங்க பாத்துக்கிடுவோம். மேல இருக்கிற நீங்க ஆத்தப் பாத்துக்கிடுங்க."

மாணவியின் கேள்விக்கு இதுதான் என் பதில். உண்டம்மா, இங்கேயும் உண்டு. ஆனால் அதைக் காக்கும் வேலை கரையில் தொடங்கவில்லை, நம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. நம் பக்கத்து வள்ளியாறும் கடியப்பட்டணம் பக்கம் போய்ச் சேருவது அதே கடலில்தான். அடுத்த முறை கவரை ஓடையில் எறியக் கை நீளும்போது, ஒரு வலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பின் பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்து "எங்க ஊர்ல அப்படி இல்ல" என்றால், உட்காரச் சொல்லாதீர்கள். முடிந்தால் அந்த ஊருக்கே ஒரு நாள் போய்ப் பாருங்கள். நான் போக நாற்பது வருடம் ஆயிற்று.

அன்புடன்,
உங்கள் சார்,
பத்மநாபபுரம்