இடது பக்கம் டாலி ஆகலை!

காஞ்சிபுரம் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "வீட்ல கல்யாணமா?" என்பார்கள். இல்லை என்றால், "அப்ப யாருக்குப் புடவை?" என்று கண்ணடிப்பார்கள். "ஹெட்போன் ரிப்பேர்" என்று நான் சொன்னபோது என் பழைய ஆபீஸ் நண்பர்கள், நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஜுரம் இருக்கிறதா என்று சோதித்தார்கள்.

விஷயம் இதுதான். பட்டுத்தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் என் மாமா இருக்கிறார். நெசவுக் குடும்பம். அண்ணன் தறியில் உட்கார, தம்பியான மாமா எலெக்ட்ரிகல் ஆபீசராகக் கப்பலேறிவிட்டார். 1979-ல் யோகஹாமா துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டி ஒரு ஹெட்போன் வாங்கினார். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். தப்பு கம்பெனி மேல் இல்லை. எங்கள் மேல்தான்.

அதே 1979-ல்தான் காஞ்சியில் அத்தி வரதர் குளத்தை விட்டு வெளியே வந்து தரிசனம் கொடுத்தார். "ஊரே வரதரைப் பார்த்துச்சு. இவரு மட்டும் காதுல மாட்டுற சாமானைப் பார்த்துட்டு வந்தாரு" என்பது அத்தையின் நிரந்தரப் புகார். 2019-ல் வரதர் மறுபடி வந்தார். கூட்டத்தைப் பார்த்து மாமா தெருமுனையோடு திரும்பிவிட்டார். அடுத்த தரிசனம் 2059-ல். மாமாவுக்கு இப்போதே எழுபத்தைந்து தாண்டிவிட்டது.

போன மாதம் மாமாவிடமிருந்து போன். "மாப்ளே, ஹெட்போன்ல இடது பக்கம் போச்சுடா. வந்து பாரு."

நான் படித்தது பி.காம். ஆனால் பழைய ஆடியோ சாமான்கள் என்றால் எனக்கு ஒரு பைத்தியம். அதிலும் இது சாதாரண ஹெட்போன் இல்லை சார், எலெக்ட்ரோஸ்டேடிக்!

எட்டாங்கிளாஸில் கண்ணாடிக் கம்பியைப் பட்டுத்துணியால் தேய்த்து, காகிதத் துண்டுகளைத் தூக்க வைத்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த நிலை மின்சாரம்தான் இதற்கும் மூலதனம். சாதாரண ஹெட்போனில் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். இதில் இரண்டும் கிடையாது. ஓட்டை போட்ட இரண்டு உலோகத் தட்டுகள், நடுவே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். அவ்வளவுதான். படலத்தில் மின்னூட்டம் நிற்கும். தட்டுகளுக்குப் பாட்டு வோல்டேஜாக வரும். ஒரு தட்டு இழுக்க, எதிர்த்தட்டு தள்ள, படலம் ஆடும். பாட்டு கேட்கும்.

படலம் எவ்வளவு மெல்லிசு? பட்டுப்புழு நூற்கிற ஒற்றை இழை சுமார் பத்துப் பன்னிரண்டு மைக்ரான். இந்தப் படலம் பல மாடல்களில் ஒன்றிரண்டு மைக்ரான்தான்! அதனால்தான் வீணைத் தந்தியில் விரல் உரசுவது கூடத் தனியாகக் கேட்கும்.

ஜப்பானின் ஸ்டாக்ஸ் கம்பெனி 1960-ல் இந்த ரகத்தை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஹெட்போன் என்று சொன்னால் அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். 'இயர்ஸ்பீக்கர்' என்பார்கள். 1991-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் 'ஆர்ஃபியஸ்' என்று ஒன்றைச் செய்தது. மொத்தமே சுமார் 300 செட். அதன் விலைக்குக் காஞ்சியில் ஒரு கல்யாணத்துக்கே புடவை எடுத்துவிடலாம்.

முதல் சனிக்கிழமை விடியற்காலையில் போய் இறங்கினேன். சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர்தான். ஆனால் பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்தால் வேறு உலகம். வெயில் ஏறுமுன் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டி, இழை இழையாகச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அங்கே ஸ்கூட்டரில் வருகிறவன் துரோகி. வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம்.

மாமாவின் அண்ணன் வீட்டில் கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா. ஒருவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் மூன்றாவது நாடாவைத் தள்ள, ஒவ்வொரு ஊடையிலும் உடலும் கரையும் கோத்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் தளர்ந்தால் புடவை போச்சு. இரண்டு பக்கமும் டாலி ஆக வேண்டும். எங்கள் பி.காம். பாஷையில், ட்ரயல் பேலன்ஸ்.

மாமாவின் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். நிஜமாகவே இடது பக்கம் நோஞ்சானாக இருந்தது. நடுநடுவே 'டிக்... டிக்...' என்று சத்தம் வேறு.

"இதை எங்க மாமா வெச்சிருந்தீங்க?"

"தறி ரூம் அலமாரிலதான். ஏன்?"

கொலைகாரன் கிடைத்துவிட்டான். குழித்தறியில் தரையோடு ஒட்டிய ஈரம் பட்டு இழைக்கு நல்லது, சட்டென்று அறாது. ஆனால் இந்தப் படலத்துக்கு அதே ஈரம் விஷம். மின்னூட்டம் கசிந்துவிடும். தூசு உள்ளே போனால் 'டிக் டிக்'. அத்தி வரதர் நாற்பது வருஷம் தண்ணீருக்குள் இருப்பார். ஹெட்போனால் ஒரு மழைக்காலம் கூட முடியாது.

உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் கூடாது. உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கிறது. ஆரம்பகால ஸ்டாக்ஸ் மாடல்களில் 230 வோல்ட், 1982-க்குப் பிறகு வந்த 'ப்ரோ' வகையில் 580. கரண்ட் மிகக் குறைவுதான் என்றாலும் விளையாட்டு இல்லை. வாயால் ஊதக் கூடாது, எச்சிலும் ஈரம்தானே. வாக்குவம் க்ளீனர் வைத்தால் படலம் கிழியும். வெயிலில் காயப் போடுவது அப்பளத்துக்கு மட்டும். காதில் அழுத்தி மாட்டினால் படலம் தட்டில் ஒட்டிக்கொண்டு 'பர்ர்' என்று கத்தும். இன்னொன்று, ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அதற்கான பெட்டியை நம் ஊர் 230-ல் நேராகச் சொருகினால் புகைதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். மாமா எலெக்ட்ரிகல் ஆபீசர் என்பதால் அந்த ஒன்றில் மட்டும் பிழைத்தோம்.

வைத்தியம் சுலபம். புது ஷூ வாங்கினால் டப்பாவுக்குள் 'தின்னாதே' என்று எழுதிய பொட்டலம் இருக்குமே, சிலிகா ஜெல், அதில் ஒரு டஜன் சேர்த்தேன். அத்தையின் முறுக்கு சம்படத்தைக் காலி செய்து (முறுக்கை நானே தீர்த்து வைத்தேன்), ஹெட்போனை உள்ளே வைத்து இறுக மூடினோம். ஒரு வாரம் திறக்கக் கூடாது.

"தூசு படாம ஒரு உறை தைக்கட்டுமா? பட்டு ரவிக்கைத் துணி மிச்சம் இருக்கு" என்றார் அத்தை.

"காட்டன் போதும் அத்தை. உள்ள ஏற்கனவே தேவையான மின்சாரம் இருக்கு."

அடுத்த சனிக்கிழமை சம்படத்தைத் திறந்தோம். பெட்டியில் சொருகி, இரண்டு பக்கமும் மின்னூட்டம் ஏறட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டோம். அதற்குள் மிளகும் சுக்கும் மணக்கிற காஞ்சிபுரம் இட்லி இரண்டு உள்ளே போனது. பிறகு டி.கே.பட்டம்மாள் கேசட்டைப் போட்டார் மாமா. 1919-ல் இதே காஞ்சியில் பிறந்து, 'பல்லவி' பட்டம்மாள் என்று பெயர் வாங்கியவர். மாமாவுக்கு வேறு பாட்டே கிடையாது.

முதலில் நான் கேட்டேன். ஆகா! இடதும் வலதும் பைசா சுத்தமாக டாலி. 'டிக் டிக்' இல்லை. வயலினில் வில் திரும்புவது வரை கேட்டது. பெருமையோடு மாமாவிடம் கொடுத்தேன்.

மாட்டினார். கண்ணை மூடினார். திறந்தார்.

"இடது பக்கம் இன்னும் வரலியேடா."

மறுபடி நான் மாட்டினேன். சரியாக இருந்தது. மறுபடி மாமா. "இல்லடா."

கணக்கு இடித்தால் பற்றையும் வரவையும் மாற்றிப் போட்டுப் பார் என்பது கணக்குப்பிள்ளை சூத்திரம். ஹெட்போனைத் திருப்பி, இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாட்டிவிட்டேன். குறை ஹெட்போனில் என்றால் இப்போது வலது காதில் கேட்காது.

"இப்ப எந்தப் பக்கம் குறையுது மாமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இடது" என்றார்.

அறையில் யாரும் பேசவில்லை. அடுத்த வீட்டுத் தறி மட்டும் கேட்டது. அப்போதுதான் கவனித்தேன். அத்தை எப்போதும் மாமாவின் வலது பக்கமாகத்தான் உட்காருகிறார்.

"நாலு வருஷமாச்சு. சொன்னா மிஷின்தான் கெட்டுப்போச்சுன்னாரு" என்றார் அத்தை, மெதுவாக.

மறுவாரம் சென்னையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். இரண்டு காதுமே குறைந்திருக்கிறது, இடது ரொம்ப. வயசு பாதி, கப்பல் இன்ஜின் ரூம் பாதி. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தினம் எட்டு மணி நேரம் இருந்தால் உள்காதின் மயிர்ச்செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். ஒரு காதுக்குச் சுமார் 15,000-தான் உண்டு. செத்தது மறுபடி முளைக்காது. இதற்குச் சிலிகா ஜெல் கிடையாது. பஸ்ஸிலும் ஆபீஸிலும் முழு வால்யூமில் கேட்கிற தம்பிகள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

மாமாவுக்கு இப்போது இடது காதில் ஒரு சின்ன மிஷின். முதல் நாள் தறிச் சத்தம் கேட்டு, "இவ்ளோ இரைச்சலாவா இந்தத் தெரு இருந்துச்சு?" என்றாராம். பாட்டு நேரத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார். வலது காதில் பட்டம்மாள் முழுசாக, இடதில் கால்வாசி.

போன வாரம் போன் செய்தார். "மாப்ளே, அந்த மிஷினையும் ராத்திரி சம்படத்துலதான் வைக்கிறேன். ஈரம் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே. உங்க அத்தைக்குத்தான் கோபம்."

"ஏன் மாமா?"

"முறுக்கு வைக்க டப்பா இல்லையாம்!"