மழை விடும்வரை: முலு மலைப்பாதைக் குறிப்புகள்

நவம்பர் 11

பினக்கிள்ஸ் பாதை இன்று திறக்கப்படவில்லை. போர்னியோத் தீவில், மலேசியாவின் சரவாக் மாநிலத்தில், புருணை எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது குனுங் முலு தேசியப் பூங்கா. அங்குள்ள நடைபாதைகளில் கடினமானது என்று பெயரெடுத்தது இந்தப் பாதை. நீளம் 2.4 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,200 மீட்டர். கேம்ப் 5 எனப்படும் ஆற்றோர முகாமில் தொடங்கும் பாதை, குனுங் அப்பி என்ற சுண்ணாம்புக்கல் மலையின் சரிவில் ஏறி, மரங்களுக்கு மேலே தலைநீட்டும் ஊசிப்பாறைகளுக்கு எதிரே முடிகிறது. அவற்றில் உயரமானவை 45 மீட்டர்வரை எழுந்து நிற்பவை.

நேற்று மாலை பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. வழிகாட்டிகள் இருட்டிலேயே எழுந்து ஆற்றையும் மலையையும் பார்த்துவிட்டு, இன்று ஏற்றம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நனைந்த பாறை வழுக்கும் என்பது மட்டும் அதற்குக் காரணமல்ல. வழுக்கியவர் எதன்மீது விழுவார் என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டியிருக்கிறது. பாதையின் பெரும்பகுதியில் மண் இல்லை; வேரும் பாறையும்தான். அந்தப் பாறையில் கை ஊன்றினால் தோல் கிழியும். முகாமுக்குச் சாலை கிடையாது. ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் காட்டுவழி நடந்து, பிறகு மெலினாவ் ஆற்றில் நீள்படகில் போனால்தான் பூங்கா அலுவலகம். அங்கிருந்தும் வெளியூர் போகப் பெரும்பாலும் விமானம்தான் வழி. கால் முறிந்த ஒருவரை இறக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை வழிகாட்டிகள் அறிவார்கள்.

நவம்பர் 12

மழை. ஆறு கலங்கி ஓடுகிறது. படகு வராது என்று செய்தி.

நவம்பர் 13

பாதையை மூடியிருக்கும் இதே மழைதான் அந்தப் பாறைகளைச் செதுக்கியது. மெலினாவ் சுண்ணாம்புக்கல் என்று நிலவியலாளர்கள் அழைக்கும் இந்தப் பாறை, பல கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத வெப்பக்கடலில் பவளம், பாசி, நுண்ணுயிர்களின் ஓடு ஆகியவை அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. பிறகு நிலம் மடிந்து உயர்ந்து, கடலடி மலையாயிற்று.

மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக இலைமக்கு நிறைந்த காட்டுமண்ணிலிருந்தும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. அப்படி மெல்லிய அமிலமாகும் நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். அப்பியின் பாறையில் செங்குத்தான வெடிப்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. நீர் அந்த வெடிப்புகள் வழியாகக் கீழே இறங்கி, இறங்கிய இடத்தை அகலப்படுத்துகிறது. இடையில் கரையாமல் எஞ்சிய பாறைதான் ஊசியாக நிற்கிறது. அதன் முகத்திலும் மழை சிறுசிறு சால்களைக் கீறியிருக்கிறது. சாலும் சாலும் சந்திக்கும் விளிம்பு சவரக்கத்தியின் கூர்மை கொண்டது. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடத்தில் இந்த வேலைக்கு ஓய்வு ஏது?

இவ்வளவு மழை பெய்தும் பினக்கிள்ஸ் பாதையில் குடிநீர் கிடையாது. ஓடையும் இல்லை, ஊற்றும் இல்லை. விழுந்த நீர் அத்தனையும் பாறைக்குள் போய், மலைக்கு அடியில் ஆறாக ஓடி, அடிவாரத்துக் குகைவாய்களில் வெளிவருகிறது. இந்த மலைக்கு அடியிலுள்ள கிளியர்வாட்டர் குகைத்தொகுதி 200 கிலோமீட்டருக்கு மேல் அளக்கப்பட்டிருப்பதற்கும், மேலே ஏறுபவர் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரைத் தோளில் சுமப்பதற்கும் காரணம் ஒன்றே.

நவம்பர் 14

முகாமில் பேச்சு குறைந்துவிட்டது. அவரவர் சுமந்து வந்த உணவுதான் இங்கே உணவு. நூடுல்ஸும் தகர டப்பா மீனும் தீர்ந்துகொண்டிருக்கின்றன. விமானத்தைத் தவறவிட்டவர்களின் முகத்தில் கோபம் தெரிகிறது. அந்தக் கோபம் வழிகாட்டிகள்மீது திரும்புவது நியாயமில்லை. நேற்றிரவு ஒருவர் குரலை உயர்த்தினார். பதில் சொல்லாமல் வழிகாட்டி அரிசியைக் களைந்துகொண்டிருந்தார். அந்த அரிசியில் பாதி, உணவு தீர்ந்தவர்களுக்காக.

நவம்பர் 16

பாதை திறந்தது. நேற்று முழுவதும் வெயில் அடித்ததால் பாறை காய்ந்திருக்கிறது.

முதல் பகுதி காட்டுக்குள் செங்குத்தாக ஏறுகிறது. மீராந்தி முதலான நெடுமரங்களின் நிழலில் காற்று அசையாது. படி என்று எதுவும் இல்லை. வேரைப் பிடித்து, பாறையில் கால்வைத்து ஏற வேண்டும். பாறைமேல் பச்சைப் பாசி மெத்தைபோல் படர்ந்திருப்பதைப் பார்த்து அதில் கைவைக்கத் தோன்றும். ஒரு விரலால் அந்தப் பாசியை விலக்கிப் பார்த்தால், அரை அங்குலத்துக்குக் கீழே பல்பல்லாகக் கூரான விளிம்பு இருக்கிறது. கையுறை போட்டவர்களுக்கே நடுவழியில் விரல்நுனித் துணி நைந்துபோகிறது.

மேலே போகப்போக மரங்கள் குட்டையாகி, கிளைகளில் பாசி தொங்குகிறது. குடுவைச் செடிகள் தென்படுகின்றன. கடைசி 400 மீட்டர் வேறு உலகம். அங்கே நடை இல்லை. உலோக ஏணிகள், கயிறுகள், பாறையில் அறைந்த இரும்பு முளைகள், இரண்டு பாறைகளுக்கு நடுவே போட்ட பலகைகள். பலகைக்குக் கீழே இருட்டான பிளவு.

இந்த ஏணிகள் தொடங்கும் இடத்தில் ஒரு விதி உண்டு. காலை 11 மணிக்குள் அங்கே வந்துசேராதவர் மேலே போகக் கூடாது. இன்று ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் இருபது நிமிடம் தாமதமாக வந்தார். மழையில் அடைபட்டுக் காத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். மேலே நிற்பவர்களின் குரல் கேட்கும் தூரம்தான். கெஞ்சினார், திரும்ப வர வாய்ப்பே இருக்காது என்றார். வழிகாட்டி அவருடைய தண்ணீர்க் குப்பியை வாங்கி எடை பார்த்தார். காலியாகும் நிலை. “ஏறுவது பாதி வேலைதான் ஐயா. இறங்க இதைவிட நேரம் பிடிக்கும். அதற்கு வெளிச்சம் வேண்டும், உங்கள் முழங்காலும் வேண்டும்” என்றார். அவர் வெகுநேரம் ஏணியின் முதல் படியைப் பிடித்தபடி நின்றார். பிறகு கையை எடுத்தார். இன்னொரு வழிகாட்டி அவரோடு கீழே இறங்கினார்.

மேலே போனவர்கள் ஊசிப்பாறைகளைக் கண்டார்கள். சாம்பல் வெண்மையில், பச்சைக் காட்டைக் கிழித்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கால் மணி நேரத்தில் மேகம் மூடிவிட்டது.

இறங்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எடை முழுவதும் முழங்காலில் இறங்குகிறது. கால்வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏறும்போது பிடியாக இருந்த பாறை இப்போது நெஞ்சுக்கு நேரே முனையாக நிற்கிறது. கடைசி ஆள் முகாமை அடைந்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

நவம்பர் 17

முகாமின் நான்கு படிகளைக்கூட நேராக இறங்க முடிந்தவர் யாருமில்லை.

நவம்பர் 20

பூங்கா அலுவலகத்துக்குத் திரும்பியாயிற்று. இங்கிருந்து இன்னொரு நெடும்பாதை முலு சிகரத்துக்குப் போகிறது. உயரம் ஏறத்தாழ 2,376 மீட்டர். அது சுண்ணாம்புக்கல் மலையன்று, மணற்கல் மலை. பாதை 24 கிலோமீட்டர். போய்வர நான்கு நாள் என்பது வழக்கமான கணக்கு.

இந்தச் சிகரம் வெளியாட்களுக்கு எளிதில் வசப்படவில்லை. 1850களில் புருணையில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஸ்பென்சர் செயின்ட் ஜான் முயன்று திரும்பினார். சுண்ணாம்புச் செங்குத்துகளும் கூர்பாறைகளும் அடர்காடும் மறித்துவிட்டன. பிறகு சரவாக்கில் அதிகாரியாக இருந்த சார்லஸ் ஹோஸும் தோற்றார். வழி கண்டவர் ஆய்வாளர் அல்லர். தாமா நிலோங் என்ற பெரவான் இன வேட்டைக்காரர். 1920களில் காண்டாமிருகம் தேடிப்போன அவர், சிகரத்துக்கு இட்டுச்செல்லும் தென்மேற்கு முகட்டைக் கண்டறிந்தார். 1932இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவோடு எட்வர்ட் ஷாக்கிள்டன் அந்த வழியில் உச்சியை அடைந்தார். புத்தகங்களில் ஷாக்கிள்டனின் பெயர் முன்னால் வருகிறது. தாமா நிலோங்கின் பெயரை அதற்கும் முன்னால் எழுதுவதே முறை.

அந்தக் காண்டாமிருகம் இப்போது இல்லை. மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபா மாநிலத்தில் இறந்தது. தேடிப்போன விலங்கு போய்விட்டது. தேடிய தடம் மட்டும் நடைபாதையாக நிற்கிறது.

நவம்பர் 21

மாலையில் மான் குகைக்கு. காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் பலகைப்பாதை. முதியவர்களும் குழந்தைகளும் நடக்கலாம். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வௌவால்கள் அந்திநேரத்தில் வாயிலிலிருந்து திரிதிரியாகப் புறப்படுவதைக் காண மேடை இருக்கிறது. தூறல் விழுந்தது. வௌவால்கள் வெளிவரவில்லை.

நவம்பர் 24

கேம்ப் 5இலிருந்து வெளியேற வேறொரு வழியும் உண்டு. தலைவேட்டையர் பாதை எனப்படும் அது, ஏறத்தாழ 11 கிலோமீட்டர் சமதளக் காட்டில் கோலா தெரிகானுக்குப் போகிறது. அங்கிருந்து படகில் லிம்பாங் பக்கம் போகலாம். காயான் இனப் போர்க்குழுக்கள் மெலினாவ் ஆற்றில் துடுப்புப் போட்டு வந்து, படகுகளைக் காட்டுக்குள் இழுத்துத் தெரிகான் ஆற்றில் இறக்கி, லிம்பாங் மக்களைத் தாக்கப் போன வழி இது என்பது மரபு. இன்று அதில் நடப்பவர்களுக்குத் தொல்லை அட்டைகளும் சேறும்தான். ஏறத் தயங்குபவர்களுக்கும், ஏணியடியில் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும் இது நல்ல நடை. அன்று கையை எடுத்த அந்த மனிதர் இந்த வழியாகவே ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு வருவாரா என்று அவர் சொல்லவில்லை.

இந்தப் பாதைகளுக்குப் போக நினைப்பவர்கள் வழிகாட்டியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வழிகாட்டி இல்லாமல் பினக்கிள்ஸ் ஏற அனுமதி இல்லை. கையுறையும் ஒருநாளுக்குக் கூடுதலான உணவும் எடுத்துக்கொள்ளுங்கள். முகாமிலிருந்து திரும்பும் அதே நாளுக்கு விமானச் சீட்டு எடுக்காதீர்கள்; நடுவில் இரண்டு நாளாவது மழைக்கென்று விட்டுவையுங்கள்.