படகு ஏன் ஓடவில்லை?

நெடுந்தீவிலே பிறந்தவனுக்குக் கடல் என்பது கண்டு களிக்கும் காட்சியன்று. அது நாளாந்தம் கடக்கவேண்டிய வழி. காற்று மாறினால் சந்தைக்குப் போகமுடியாது. இயந்திரம் பழுதானால் ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாது. இந்த நினைவோடு வளர்ந்த எனக்கு, உலகின் எந்த மூலையிலே தீவு ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டாலும், அங்குள்ளவர்கள் எப்படிக் கரைக்கு வந்து போகிறார்கள் என்பதுதான் முதலிலே மனத்தில் எழும் ஐயம்.

2022 ஆம் ஆண்டு மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக நானும் மனைவியும் ஸ்கொட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகருக்குச் சென்றிருந்தோம். பேரன் பிறந்து தாயும் சேயும் நலமாக வீடு வந்தபின், மே மாதத்தில் ஒருநாள் மருமகன், "மாமா, பக்கத்திலே அரான் என்று ஒரு தீவு இருக்கிறது. உங்களுக்குப் பிடிக்கும். பார்த்துவிட்டு வருவோமா?" என்றார். ஆட்ரோசன் என்னும் துறையிலிருந்து கப்பலில் 55 நிமிடப் பயணம் என்றும் சொன்னார். குறிகட்டுவானில் ஏறி எங்கள் ஊரில் இறங்குவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு நேரந்தான். வேறென்ன வேண்டும்? உடனே புறப்பட்டேன்.

ஆனால் கப்பல் ஓடவில்லை. இயந்திரக் கோளாறு என்று அறிவித்திருந்தார்கள். துறைமுக வாங்கிலே ஒரு மூதாட்டி சிறிய கைப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். கண் வைத்தியரைப் பார்க்கக் கரைக்கு வந்தவர். வீடு திரும்ப வழியில்லை. மருமகன் பேச்சுக் கொடுத்தபோது அவர் கோபப்படவில்லை. இது புதிதல்ல என்பதுபோலத் தலையை மட்டும் அசைத்தார். அந்தத் தலையசைப்பை நான் முன்பே கண்டிருக்கிறேன். எங்கள் மாவிலித்துறையிலே, 1974 ஆம் ஆண்டிலே கண்டிருக்கிறேன்.

அன்று சோளகக் காற்று. அக்காவுக்குத் தலைப்பிள்ளை, நாள் நெருங்குமுன்பே நோவு கண்டுவிட்டது. கட்டிலோடு தூக்கித் துறைக்குக் கொண்டுபோனோம். படகு கட்டப்பட்டிருந்தது, ஓட்டுவாரில்லை. பழுது என்றார் ஒருவர், எண்ணெய் இல்லை என்றார் இன்னொருவர், காற்று அடங்கட்டும் என்றார் மூன்றாமவர். பொழுது சாயும்வரை காத்திருந்து, மீண்டும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அதற்குமேல் அந்த இரவைப்பற்றி எழுத எனக்கு இயலாது.

ஐயா பள்ளிக்கூட உபாத்தியாயர். பிள்ளையை அடக்கஞ்செய்த மறுவாரமே மேசையிலிருந்து ஒரு பெற்றிசம் எழுதினார். நீண்ட பெற்றிசமன்று. குறித்த திகதியில் படகு ஏன் ஓடவில்லை என்பதுதான் அதிலிருந்த ஒரே கேள்வி. பணமும் கேட்கவில்லை, ஒருவரையும் வேலையிலிருந்து நீக்கும்படியும் கேட்கவில்லை. ஒரு கந்தோர் அதை இன்னொரு கந்தோருக்கு அனுப்பியது. அது தனக்குரியதன்று என்று மூன்றாவதற்கு அனுப்பியது. கவனிக்கப்படுகிறது என்று ஒருமுறை ஓர் அஞ்சலட்டை வந்தது. ஐயாவோ ஆண்டுதோறும் அதே திகதியில் அதே கேள்வியை எழுதி, பிரதியை றங்குப்பெட்டியில் வைத்துவந்தார். 1991 இல் அவர் காலமாகும்வரை இது நடந்தது. 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்து வீட்டிலே விட்டுச் சென்ற அந்தப் பெட்டி, திரும்பி வந்தபோது இல்லை.

ஆட்ரோசனிலிருந்து திரும்பும் வழியில் இந்தக் கதையை மருமகனுக்குச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "மாமா, வியாழக்கிழமை எடின்பரோவுக்குப் போய்வாருங்கள். இந்தக் கப்பல் விடயந்தான் அங்கே சபையிலே பேச்சாயிருக்கிறது. யாரும் போய்க் கேட்கலாம், பணம் இல்லை" என்றார்.

அந்தச் சபையைப்பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். லண்டன் பாராளுமன்றம் 1998 இல் இயற்றிய சட்டத்தின்படி, 1999 இல் ஸ்கொட்லாந்துக்கென ஒரு பாராளுமன்றம் அமைந்தது. 129 உறுப்பினர்கள். நாட்டின் பாதுகாப்பும் வெளிநாட்டு விவகாரமும் லண்டனுக்கு உரியவை. வைத்தியசாலை, பள்ளிக்கூடம், வீதி, தீவுகளுக்கு ஓடும் கப்பல் ஆகியவை எடின்பரோவுக்கு உரியவை. கட்டடமோ விசித்திரமானது. கற்றலோனியக் கட்டடக் கலைஞர் என்றிக் மிராயெஸ் வரைந்தது; முடிவதற்கு முன்பே, 2000 இல், அவர் இறந்துபோனார். தொடக்கத்தில் 4 கோடி பவுணுக்கு மேற்படாதென்று சொல்லி, 41 கோடி பவுணுக்கு மேல் விழுங்கி, 2004 இல் திறக்கப்பட்டது. செலவுக்கணக்குக் கேட்கும் மண்டபத்தின் கணக்கே இப்படி! நம் ஊர்க் கோயில் திருப்பணிச் சபையார் இதைக் கேட்டால் ஆறுதலடைவர்.

வியாழன் நண்பகல் 12 மணிக்கு முதலமைச்சரிடம் கேள்வி கேட்கும் நேரம். மேல்மாடத்தில் இடம் கிடைத்தது. அரைவட்டமாக அமைந்த சபையிலே அப்போது முதலமைச்சராயிருந்த நிக்கொலா ஸ்ரேர்ஜன் அம்மையார் கையில் தடித்த கோப்பு ஒன்றோடு அமர்ந்திருந்தார். எதிரே முதலாவது எதிர்க்கட்சியான கொன்சர்வேற்றிவ் கட்சியின் தலைவர் டக்ளஸ் றொஸ். அவருக்குப்பின் கேட்பவர் தொழிற்கட்சியின் அனாஸ் சர்வார். முன்னவர் உதைபந்தாட்டத்தில் கோட்டோரம் கொடி தூக்கும் உதவி நடுவர். பின்னவர் பல் வைத்தியராயிருந்தவர். எதிர்க்கட்சி வேலைக்கு இவ்விரண்டையும்விடப் பொருத்தமான பயிற்சி இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் தவறு கண்டதும் கொடியைத் தூக்குவார், மற்றவர் வர மறுப்பதைப் பிடுங்குவார்.

கப்பல் விடயம் இதுதான். தீவுகளுக்கென இரண்டு புதிய கப்பல்கள் கட்ட 2015 இல் 9 கோடியே 70 இலட்சம் பவுணுக்கு ஒப்பந்தமாயிற்று. அவற்றுள் அரானுக்குரிய கப்பல் 2018 இல் ஓடியிருக்கவேண்டும். 2017 நவம்பரில் அதை வெள்ளோட்டம் விட்டார்கள். முதலமைச்சரே வந்து நடத்திவைத்தார். ஆனால் கப்பலுக்குச் சன்னல்கள் இன்னும் பொருத்தப்படவில்லை. ஆகவே சன்னல் இருக்கவேண்டிய இடத்திலே கறுப்பு வண்ணத்தால் சன்னல்களை வரைந்திருந்தார்கள்! பின்னர் கப்பல் கட்டுந்தளம் முறிந்தது. 2019 இல் அரசாங்கமே அதைப் பொறுப்பேற்றது. 2022 மார்ச்சில் வெளிவந்த கணக்காய்வு அறிக்கை, செலவு குறைந்தது 24 கோடி பவுண் ஆகுமென்றது. பணத்தை முழுமையாக மீளப்பெறும் உத்தரவாதம் இல்லாமலே ஒப்பந்தத்தைச் செய்ய அமைச்சர்கள் ஏன் இசைந்தார்கள் என்பதற்குப் போதிய எழுத்துச் சான்று இல்லையென்றும் அது சொல்லிற்று.

எதிர்க்கட்சியினர் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். முடிவெடுத்தவர் யார்? அதற்குரிய காகிதம் எங்கே? முதலமைச்சர் தம் அரசு செய்த நல்லனவற்றை எடுத்துரைப்பார். அப்போது லண்டனில் ஆண்ட, கேட்பவரின் கட்சியைச் சாடுவார். அவர் பக்கத்தார் கைதட்டுவர். கேட்டவர் மீண்டும் எழுந்து அதே வினாவை வேறு சொற்களிலே கேட்பார். சபாநாயகர் அம்மையார் இரைச்சலை அடக்குவார். நேர்மையாகச் சொன்னால், கேட்டவர்களின் உள்ளத்திலே அரான் மூதாட்டி எவ்வளவு இருந்தார், அடுத்த தேர்தல் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. இவர்கள் ஆட்சியில் இருந்தால் கப்பல் நேரத்துக்கு ஓடியிருக்கும் என்று நம்பவும் எனக்குத் துணிவில்லை. பாதி கூத்துத்தான்.

ஆயினும் அந்த மேல்மாடத்திலே என் கண்கள் கலங்கின. பதில் நன்றாயிருந்ததால் அல்ல. பதில் சொல்லவேண்டியவர் எழுந்து நின்றார் என்பதனால். இது என் கந்தோருக்குரியதன்று என்று சொல்ல அவருக்கு வழியில்லை. கப்பல் அவருடையதென்று சட்டம் சொல்கிறது. சொன்ன ஒவ்வொரு சொல்லும் அன்றே எழுத்திலே வெளிவருகிறது. தலைவர்கள் மட்டுமல்ல, பின்வரிசை உறுப்பினரும் எழுத்திலே கேட்கலாம். வழக்கமாகப் பத்து வேலை நாள்களுக்குள் விடை வரவேண்டும். பத்து நாள்! ஐயா பதினேழு ஆண்டுகள் எழுதினார்.

காணாத காகிதமும் வந்தது. 2015 ஒக்டோபரில் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் ஒப்பந்தத்துக்கு இசைந்ததைக் காட்டும் மின்னஞ்சல் ஒன்று, அந்த மே மாதத்திலேதான் அரசாங்கத்தின் பழங்கோப்புகளிலிருந்து வெளிவந்தது. வாரந்தோறும் ஒருவர் எழுந்து கேட்டிராவிட்டால் அதைத் தேட எவருக்கு அவசரம்?

புகைவண்டியில் கிளாஸ்கோ திரும்பும்போது நம்முடைய மாகாணசபையை நினைத்தேன். 2013 செப்டெம்பரில் தேர்தல், 38 ஆசனங்களில் 30 ஒரு கட்சிக்கு, எதிர்ப்பக்கம் எண்மர். கைதடியிலே சபை கூடியது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன்பின் ஆறு ஆண்டுகள் சென்றும் மறு தேர்தல் வரவில்லை. அந்தச் சபைக்கு இருந்த அதிகாரம் போதாதென்று நாம் எல்லோரும் பேசினோம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் என்னை நானே கேட்டுக்கொண்டேன்: அந்த ஐந்து ஆண்டுகளிலே தீவுப் படகைப்பற்றி, அந்த முப்பதின்மருள் ஒருவருக்கோ எண்மருள் ஒருவருக்கோ நான் ஒரு கடிதமாவது எழுதினேனா? யாழ்ப்பாணப் பட்டினத்திலே, கைதடிக்கு அரைமணித் தூரத்தில், ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு இருந்தேன். எழுதவில்லை. ஐயாவின் மகன் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "என்னப்பா, சபை எப்படி?" பேரனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "சத்தந்தான்" என்றேன். மருமகன் மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.

அந்தக் கப்பல் 2025 சனவரி 13 ஆம் நாள் அரானுக்கு ஓடத் தொடங்கியது. ஏழு ஆண்டுத் தாமதம். ஆட்ரோசன் துறைக்கு அது பெரிதாய்ப் போனதால் ட்றூன் என்னும் வேறொரு துறையிலிருந்து புறப்படுகிறதாம். கோடையிலே மகளும் மருமகனும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதிலே போய்வந்தார்கள். மகள் தொலைபேசியிலே சொன்னாள்: "அப்பா, சன்னல்கள் இப்போது உண்மையானவைதான். உங்கள் பேரன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான்."