ஒரு குழாய், பல வீடு



அண்மையில் ஐந்தாம் வகுப்பில் போக்குவரத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சாலைவழி, கடல்வழி, ஆகாயவழி என்று எழுதிவிட்டுக் கடைசியாகக் குழாய்வழி என்றும் எழுதினேன். “நம் போர்ட்டிக்சனிலும் மலாக்கா சுங்கை ஊடாங்கிலும் உள்ள எண்ணெய் ஆலைகளிலிருந்து டிங்கில் சேமிப்புக் கிடங்குக்குப் பெட்ரோலும் டீசலும் விமான எண்ணெயும் ஒரே குழாய் வழியாகத்தான் போகின்றன” என்றேன்.

டிராக்டர் ஓட்டுநரின் மகன் ஒருவன் எழுந்தான். “ஒரே குழாயில போனா கலந்துடாதா டீச்சர்? யாருக்கு முதல்ல விடுவாங்க?”

இரண்டாவது கேள்வி என்னை என் ஒன்பது வயதுக்கே இழுத்துச் சென்றுவிட்டது.

அப்போது எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகளுக்கு ஒரே குழாய். விடியற்காலையில் கொஞ்ச நேரந்தான் தண்ணீர் வரும். பிரட்டுக்குப் போகுமுன் எல்லா வீடும் பிடித்தாக வேண்டும். முதல்நாள் இரவே வாளிகளை வரிசையாக வைத்துவிடுவார்கள். ஒருநாள் அம்மா என்னை அனுப்பினார். தூக்கக் கலக்கத்திலும் எனக்கு ஒரு தந்திரம் தோன்றியது. அடுத்த வீட்டு அத்தையின் வாளியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எங்கள் வாளியை முன்னால் வைத்தேன். எங்கள் வாளி நிறைந்தது. அத்தையின் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. அவர் வீட்டில் பிறந்து இருபது நாளே ஆன பச்சைக் குழந்தை.

அம்மா என்னை அடிக்கவில்லை. நிறைந்த வாளியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். “குழாய் தோட்டத்துது. முறை அவங்களுது. அதை எடுக்க நீ யாரு?” என்றார். அன்று எங்கள் வீட்டில் தேநீர்கூட இல்லை. அம்மா வெறும் வயிற்றோடு பால்மரம் வெட்டப் போனார்.

எண்ணெய்க் குழாயிலும் இந்த வாளி வரிசைதான், வாசகர்களே. எந்த எண்ணெய், எவ்வளவு, எந்த இடத்துக்கு என்று ஒவ்வொரு நிறுவனமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவற்றையெல்லாம் சேர்த்து முறை வைப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். குழாய் எப்போதும் நிரம்பியே இருக்கும். பின்னால் வருவது முன்னால் இருப்பதைத் தள்ளிக்கொண்டு போகும். பெரும்பாலும் நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. நிற்காமல் வேகமாக ஓடினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் சிறிது கலக்கும். அந்த இடம் வந்துவிட்டதை அடர்த்தி அளக்கும் கருவி காட்டிவிடும். கலந்த பகுதியைத் தனித் தொட்டியில் பிடித்து மீண்டும் சுத்திகரிப்பார்கள்.

ஆகவே, யாருக்குப் பக்கத்தில் யார் என்பதும் முக்கியம். உயர்ரகப் பெட்ரோல் சிறிதளவு சாதாரணப் பெட்ரோலில் சேர்ந்தால் கேடில்லை. விமான எண்ணெயில் பெட்ரோல் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. போய்ச் சேரும் இடத்தில் தொட்டி காலியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே ஒருவர் இடம் ஒதுக்கி வைக்கத் தவறினால், பின்னால் வரும் அத்தனை பேருக்கும் தாமதம்.

அமெரிக்காவில் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் வட்டாரம் வரை செல்லும் கொலோனியல் குழாய்வழியில் ஐந்து நாளுக்கு ஒரு சுற்று என்று முறை வைக்கிறார்கள். எண்ணெய் மனிதன் நடக்கும் வேகத்திலோ, அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோதான் நகரும். முழுத் தூரத்தையும் கடக்க ஏறக்குறைய 18 நாள் ஆகும். கேட்பவர்கள் அதிகமாகி இடம் போதாவிட்டால் பங்கிட்டுக் கொடுப்பார்கள்.

2021 மே 7-ஆம் நாள் அந்த நிறுவனத்தின் கணினிகளுக்குள் திருடர்கள் புகுந்துவிட்டது தெரியவந்தது. குழாயில் ஓட்டை இல்லை, எண்ணெய்க்கும் பஞ்சமில்லை. அலுவலகக் கணினிகள்தாம் முடங்கின. ஆபத்து பரவாதிருக்க நிறுவனமே குழாயை நிறுத்தியது. மே 12-ஆம் நாள்தான் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதற்குள் தென்கிழக்கு மாநிலங்களில் பெட்ரோல் நிலையங்களின் முன்னே கார்கள் வரிசை பிடித்து நின்றன. வரிசை என்றதும் பயந்துபோய்த் தேவைக்கு மேல் வாங்கியவர்களும் உண்டு. அதனால் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. இரும்புக் குழாய் முழுதாக இருந்தும் முறை கெட்டால் என்ன ஆகும் என்று அந்த நாட்களில் உலகம் பார்த்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அந்தப் பையன், “அப்ப நீங்க அந்த அத்தைகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா, டீச்சர்?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நான் கேட்கவே இல்லை. வாளியை நகர்த்தியது நான் என்று அம்மா அவரிடம் சொன்னாரா என்பதும் எனக்குத் தெரியாது. இன்று அம்மா இல்லை. அத்தை சிரம்பானில் மகன் வீட்டில் இருக்கிறார். அன்று தண்ணீர் கிடைக்காமல் போன அந்தப் பச்சைக் குழந்தைதான் அந்த மகன்.

வரும் பள்ளி விடுமுறையில் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்று வரிசையில் நிற்கும்போது யாருடைய வாளியையாவது நகர்த்தினால், அடிக்க வேண்டாம், வாசகர்களே. நிறைந்த வாளியை உரியவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துக் காட்டுங்கள். ஆனால், அந்தப் பிள்ளையையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.