காயலான் கடையில் ஒரு வகுப்பு

போன வாரம் ஹாஸ்டல் ரூமைச் சுத்தம் பண்ணினதுல ஒரு சாக்கு பிளாஸ்டிக் தேறிச்சு. நாலு காசு பார்க்கலாமேன்னு காயலான் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். கடைக்காரர் எடை போடாம முதல்ல பிரிக்க ஆரம்பிச்சார். பாட்டில் ஒரு பக்கம், மூடி வேற பக்கம், பால் கவர் இன்னொரு பக்கம்.

"ஏண்ணே, எல்லாம் பிளாஸ்டிக்தானே?"

"நறுக்கித் தண்ணில போட்டுப் பாரு தம்பி. பாட்டில் முங்கும், மூடி மிதக்கும்."

நிஜம்தான். பாட்டில் பெட், மூடி பெரும்பாலும் ஹெச்.டி.பி.இ. இல்லேன்னா பாலிபுரோப்பிலீன். சேர்த்து உருக்கினா ரெண்டும் கெட்டுது. அடியில முக்கோணத்துக்குள்ள இருக்குற 1 முதல் 7 வரையிலான எண்கள், 1988-ல் அமெரிக்காவில் வகை பிரிக்க வந்தவையாம். நான் இத்தனை நாளா அதை மறுசுழற்சிக்கான உத்தரவாதம்னு நினைச்சிட்டிருந்தேன் (ஹி ஹி).

சிப்ஸ் கவரையும் ஷாம்பூ பாக்கெட்டையும் அப்படியே திருப்பிக் கொடுத்துட்டார். பல அடுக்கு ஒட்டினது, பிரிக்கிற செலவு கட்டாது. காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவனுக்கு இது புரியாதா? பெட் பாட்டில்கூட நிறைய பாலியெஸ்டர் நூலாத்தான் போகுது. பருத்தி கலந்த சட்டையாயிட்டா, அதை மறுபடி நூலாக்குறது இன்னும் பெரிய பாடு. பாடப்புத்தகத்துல மட்டும் வட்டம் அழகா மூடியிருக்கு.

கைக்கு வந்தது 43 ரூபாய். திரும்பி வந்த மூட்டை கட்டிலுக்கு அடியில இருக்கு.